சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

வீட்டில் எல்லாரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சனிக்கிழமை பள்ளி மைதானத்தின் படியில் உட்கார்ந்திருந்த வாயாடிக்கோ பேச்சே வரவில்லை. அவ்வளவு கவலை.

மறுநாள் ஓட்டப்பந்தயம். நூறு மீட்டரில் அவளும் ஓடப்போகிறாள். மைதானத்தில் கணுக்கால் மறையும் அளவுக்குப் புல். வெட்ட வேண்டியவர் அவளுடைய சித்தப்பா. மைதானம் முழுக்க அவர் பொறுப்பு. ஆனால் அவர் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி இன்று முரண்டு பிடித்தது. சின்ன மேடு வந்தாலும் பொசுக்கென்று நின்றுவிடும்.

ஒன்பதாவது தடவை நின்றதும் சித்தப்பா இறங்கிச் சீட்டைத் தூக்கினார்.

"இங்க வா. வில்லன் யாருன்னு பாரு."

தீப்பெட்டி அளவுக்கு ஒரு சுவிட்ச். அதில் இரண்டு ஒயர்கள்.

"நான் எழுந்தா இது எஞ்சினை நிறுத்திடும். அடியில சுத்தற பிளேடும் நின்னுடும். பழசாயிடுச்சு இல்லையா, உட்கார்ந்திருக்கும்போதே எழுந்துட்டேன்னு நினைச்சுக்குது. ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிட்டா தொல்லை விட்டுது."

"அப்புறம் நீங்க இறங்கினா?"

"சாவியைத் திருப்பி நிறுத்திட்டு இறங்குவேன்."

வாயாடி யோசித்தாள். புல் வெட்டாவிட்டால் பந்தயம் தள்ளிப்போகும். வாயை மூடிக்கொண்டால் நாளைக்கே ஓடலாம். ஆனால் காலையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்?

"பாட்டில் கிடந்துச்சு, இறங்கினீங்க. கல்லு கிடந்துச்சு, இறங்கினீங்க. ஒரு தடவைகூட சாவியைத் தொடல சித்தப்பா."

"அது, சுவிட்ச் இருக்குங்கிற தைரியம்."

"அப்போ முதல்ல ஒரு பரீட்சை. ஒரு சுத்து ஓட்டுங்க. இறங்கும்போதெல்லாம் சாவியைத் திருப்பணும். ஒரு தடவை மறந்தாலும் ஒயரைத் தொடக் கூடாது."

"இருபது வருஷமா ஓட்டறேன். எனக்கே பரீட்சையா?" என்று சிரித்தார். "ஆகட்டும் டீச்சர். நீ படிக்குப் போ."

வண்டி ஓடும்போது அவள் படியை விட்டு இறங்கக் கூடாது. அதில் மட்டும் சித்தப்பா கறார்.

வழியில் ஒரு மரக்கிளை. சாவியைத் திருப்பினார், இறங்கினார். அடுத்து ஒரு பழைய செருப்பு. சாவியைத் திருப்பி, அவளைப் பார்த்து ஒரு சலாம் வேறு வைத்தார்.

அப்போது காற்று அவர் தொப்பியைப் பறித்துக்கொண்டு போய் வண்டிக்கு முன்னால் போட்டது. சித்தப்பா சட்டென்று குதித்தார். எஞ்சின் செருமிவிட்டு நின்றது.

அவர் தொப்பியை எடுக்கக் குனிந்தார். உடனே நிமிரவில்லை. பிளேடு மூடிக்கு ஒரு சாண் தள்ளி அவருடைய வலது கால். சாவி திருப்பாமல் அப்படியே இருந்தது.

வாயாடிக்கு ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஃபெயில்" என்றார் சித்தப்பா மெதுவாக. மெக்கானிக்குக்குப் போன் செய்து பேசினார். "அந்த அக்கா அஞ்சு மணிக்குத்தான் வருவாங்களாம். அதுவரைக்கும் வண்டி நிக்க நிக்க மறுபடி கிளப்பி வெட்டறேன். முடியலைன்னா, உன் பந்தயம்..."

"தள்ளிப்போனா போகட்டும்." நாளைக்கே ஓடத்தான் ஆசை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

மெக்கானிக் அக்கா ஐந்தரைக்கு வந்து புது சுவிட்சை மாட்டினார். மீதிப் பாதி மைதானத்தையும் வெட்டி முடிக்கும்போது நன்றாக இருட்டத் தொடங்கியிருந்தது.

வீட்டு வாசலில் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"இவ்வளவு நேரமா? நாளைக்கு ஓட வேண்டிய பொண்ணு."

"லேட்டானாலும் ரெண்டு காலோட வந்திருக்கேன் அண்ணி" என்றார் சித்தப்பா. "முதல்ல இவளுக்குச் சாப்பாடு போடுங்க."