யாரும் அடிக்காத பூஜ்யம்

"ஐயோ... மீசை சாருக்கு மூச்சே இல்ல!"

காலை பத்து மணி ஏழு நிமிடம். நான்காம் அறை வாசலில் லோடுமேன் அலறினான்.

அது ஆப்பிள் கிடங்கு. பழம் கெடாமலிருக்க அறைக்குள் நைட்ரஜனை நிரப்புவார்கள். ஆக்சிஜன் வெளியேறிவிடும். உள்ளே ஆள் இருந்தால்... அவரும் வெளியேறிவிடுவார், உலகத்தை விட்டே!

சூப்பர்வைசர் மீசை உள்ளே இருந்தார்.

வாயுவைத் திறந்தது கன்ட்ரோல் ரூமிலிருந்த அவள். எதையும் மூன்று முறை சரிபார்ப்பதால் 'செக்கிங்' என்று பெயர் வாங்கியவள்.

"நாலுன்னு டைப் பண்ணினியாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்! தினமும் பத்து மணிக்கு டெஸ்ட். வாயுவைத் திறக்கிற ஸ்கிரிப்ட், அந்தச் சின்ன புரோகிராம் பேரை மட்டும் அடிப்பேன். ரூம் நம்பர் குடுத்தா அந்த ரூம். குடுக்கலைன்னா ஜீரோ... அது காலி ரூம்."

"கம்ப்யூட்டர் பதிவுல நாலுன்னு இருக்கே!"

பக்கத்தில் நின்ற அவள் கணவன், மெயின்டனன்ஸ் இன்ஜினியர், அவள் தோளைத் தொட்டான்.

"ஒத்துக்கோம்மா. கை தவறி அடிச்சிருப்பே. நல்ல வக்கீலா நான் பார்க்கறேன்."

அடித்திருப்பேனோ? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. திரையில் தான் அடித்த கட்டளையைத் தேடிப் பார்த்தாள். ஒரு முறை... இரண்டு... மூன்று...

பெயருக்குப் பின்னால் எதுவுமில்லை!

ஸ்கிரிப்டைத் திறந்தாள். அந்த ஒரு வரி.

எண் கொடுத்தால் அது. கொடுக்காவிட்டால், 'ரூம்' என்ற பெயரில் கம்ப்யூட்டர் ஏற்கெனவே வைத்திருக்கும் எண். அதுவும் இல்லையென்றால்தான் பூஜ்யம்.

நடுவிலிருந்த படியைப் போன வாரம்தான் சேர்த்தாள். 'வசதியா இருக்கும், போடு' என்று நச்சரித்தவன்...

'ரூம்' இப்போது என்னவென்று கம்ப்யூட்டரைக் கேட்டாள்.

4.

கம்ப்யூட்டரில் அவள் நுழைந்ததும் தானாக ஓடும் கோப்பில் யாரோ அந்த 4-ஐ எழுதியிருந்தார்கள். நேற்று மாலை ஆறு நாற்பதுக்கு. அப்போது அவள் மாலை வகுப்பில் இருந்தாள். அவளுடைய பாஸ்வேர்டு தெரிந்தவன் உலகத்தில் ஒரே ஒருவன்!

அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை.

ஒரு தாளில் நான்கு வரி கிறுக்கி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். படித்தவர் வெளியே போய்விட்டுத் திரும்பினார்.

"இன்ஜினியர் சார், உங்க வீட்டம்மா கை நடுங்குது. நீங்க ஓட்டிக் காட்டுங்க. தினமும் இவங்க ஓட்டற மாதிரியே. நாலாம் ரூம்ல எங்க ஆளுங்க கைரேகை எடுக்கறாங்க, சீக்கிரம்!"

கணவன் உட்கார்ந்தான். பெயரை அடித்தான். என்டர் மேல் விரல் நின்றது... நெற்றியில் வியர்வை...

ஓர் இடம் விட்டு, 0 அடித்தான்.

"அந்த ஜீரோ எதுக்கு சார்?"

"அது... ஒரு சேஃப்டிக்கு..."

"ரெண்டு வருஷமா இங்க யாரும் அடிக்காத ஜீரோ! அடிக்கலைன்னா நாலு திறக்கும்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பயப்படாதீங்க, கேஸ் மெயின் வால்வை அப்பவே மூடியாச்சு. ரூம்லயும் ஆள் இல்ல. ஸ்பேர் பார்ட்ஸை நீங்க திருடினதா மீசை எழுதின லெட்டர் அவர் டிராயர்ல இருக்கு. பத்து மணிக்கு அவரை நாலாம் ரூமுக்கு வரச் சொன்னது உங்க போன்!"

அவன் கையில் விலங்கு விழுந்தது.

"என்னை ஏங்க மாட்டிவிட்டீங்க?" அவள் குரல் உடைந்தது.

"நம்பர் அடிக்காத உன் பழக்கம் எனக்குத்தானே தெரியும்!" அவன் முறைத்தான். "நான் இல்லாம நீ என்னடி பண்ணுவே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுவுமே இல்லாமப் போனா என்ன பண்றதுன்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறதுதாங்க என் வேலையே!"