வண்டி கிளம்பக் கூடாது

"என்னங்க… ஆயில் வழியுதுங்க."

பதில் வரவில்லை. வீட்டின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், பழைய மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் குந்தியிருந்தார் அவள் கணவர். கையிலிருந்த டப்பா சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தது. இன்ஜின் நிரம்பி, ஆயில் வெளியே வழிந்து, அவர் நாள் கணக்காகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய மூடியின் மேல் ஓடி, காலடியில் குளமாகத் தேங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்குள் ஆள் இல்லை.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டாள். எதையோ மெல்வதுபோல் அவர் உதடு லேசாக அசைந்தது. பிறகு இமை தட்டியது.

"டீயா? அப்படி வெச்சுட்டுப் போ" என்றார். அதன் பிறகுதான் தரையைப் பார்த்தார். "அடச்சே. வேலை செய்யறப்ப பக்கத்துல வந்து பேச்சுக் குடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? கவனம் செதறிப்போச்சு பாரு."

பழி அவள் தலையில். அது போகட்டும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழகிய பாரம்தான். பழகாதது அந்தக் கண்.

அந்த வண்டி மாமனாருடையது. அவர் போன பிறகு ஒரு கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்தது. கணவருக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. பஸ்ஸில் போவார், பஸ்ஸில் வருவார், வாய் திறந்து ஒன்று கேட்டு அறியாத மனிதர். அவருக்கு ஒரு நாள் என்ன தோன்றியதோ, தார்ப்பாயை உருவி வீசிவிட்டு, "இதை ஓட வைக்கப்போறேன்" என்றார். அவ்வளவுதான், வீடே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கல்லூரிக்குப் போகும் மகள் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். எலக்ட்ரிக் கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன் ஒயரிங்கை ஏற்றுக்கொண்டான். பெட்ரோல் டாங்குக்குப் பழைய கறுப்பு வண்ணமே அடித்துக் காயவைத்த அன்று, மாமியார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்படியே உங்கப்பா வந்து நிக்கற மாதிரி இருக்குடா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகிழாதவள் இவள் ஒருத்திதான். அதனால் பொல்லாதவள் என்ற பெயரும் சுலபமாகக் கிடைத்தது.

அவள் சொல்லாமலா இருந்தாள்? முதலில் கணவரிடமே சொன்னாள். "நீங்க அப்பப்ப அப்படியே நின்னுபோயிடறீங்க. கூப்பிட்டாக் கேக்கறதில்ல. ஒரு டாக்டரைப் பாத்துடலாமே…"

"யோசிக்கறது ஒரு வியாதியா? உனக்கு இந்த வண்டி பிடிக்கல. நேரா சொல்லிட்டுப் போயேன்."

பிறகு மாமியாரிடம் போனாள். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாதி கேட்டதுமே அவர் முகம் வெளுத்துப்போனது. அடுத்த நொடி அந்த வெளுப்பெல்லாம் கோபமாக மாறிவிட்டது.

"என் பிள்ளைக்கு வியாதின்னு பட்டம் கட்டறியா? நாக்கு கூசல உனக்கு? இந்தப் பேச்சு இந்த அடுப்படியைத் தாண்டுச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

ஏன் இந்த அம்மாவுக்கு இத்தனை ஆத்திரம் என்று அவளுக்குப் புரியவில்லை. பெற்ற பாசம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

வாய் மூடியது, பயம் மூடவில்லை. அவர்கள் தெரு மேட்டிலிருந்து செங்குத்தாக இறங்கி, பஸ்ஸும் லாரியும் பறக்கிற பெரிய ரோட்டில் போய் முட்டும். வாசலில் நின்று அந்தச் சரிவைப் பார்ப்பாள். வண்டி இறங்குகிறது, பாதியில் அந்தக் கண் அப்படி ஆகிறது, பின்னால் மகள் உட்கார்ந்திருக்கிறாள்… அதற்கு மேல் நினைக்க முடியாமல் உள்ளே ஓடிவந்துவிடுவாள். "அப்பா, முதல் ரவுண்டு நான்தான்" என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வண்டி கிளம்பக் கூடாது. அவளுக்குத் தெரிந்த வேண்டுதல் இப்போது இது ஒன்றுதான்.

கணவரிடம் ஒரு பழக்கம். எதைக் கழற்றினாலும் ஒரு பழைய போர்வையில், கழற்றிய வரிசையிலேயே வைப்பார். இடமிருந்து வலம். மாட்டும்போது வலமிருந்து இடம். ஒரு துண்டு குறைந்தால் அந்த இடம் பல் விழுந்த வாய்போலத் தெரியும். கார்புரேட்டரைப் பிரித்து வைத்திருந்த ஒரு காலையில், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் அந்தப் போர்வையிலிருந்து பித்தளையில் ஒரு சின்னத் துண்டை எடுத்தாள். ஜெட் என்பார்கள். நடுவில் ஊசி முனைதான் நுழையும் ஓட்டை. அது இல்லாமல் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகாது, அந்தக் காலத்து வண்டிக்குப் புதிதாக ஒன்று கிடைப்பதும் குதிரைக்கொம்பு. இரண்டும் அவர் வாயாலேயே கேட்டதுதான்.

முந்தானையில் முடிந்துகொண்டாள். வாழ்க்கையில் அவள் எடுத்த முதல் திருட்டுப் பொருள்.

அன்று அவர் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. மண்ணெண்ணெயைத் துணியில் வடிகட்டினார். குப்பையைக் கிளறினார். கொட்டகையைச் சல்லடை போட்டுத் தேடினார். கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானேதான் எங்கயோ வெச்சிருக்கேன். எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல…"

சொல்லிவிடலாமா என்று அவள் ஓரடி முன்னால் வந்தாள். இப்படிப் பயந்தாலாவது டாக்டரிடம் வருவாரோ என்று ஒரு நப்பாசை தடுத்தது. பாவி மனசு, கட்டின புருஷனையே பயமுறுத்திப் பிழைக்கப் பார்த்தது.

நப்பாசை நீடிக்கவில்லை. ரவிக்கைக்குக் கொக்கி தேடிய மாமியார், அவளுடைய தையல் டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். பட்டனுக்கும் கொக்கிக்கும் நடுவில் பித்தளைத் துண்டு உருண்டு ஓடியது.

வீடே கூடத்தில் கூடிவிட்டது.

"இங்க பாருங்கடா இந்த அநியாயத்த… அவன் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுத் தேடினான். கூடவே இவளும் சேந்து தேடினா. என்ன நடிப்பு… அவன் ஆசையா ஒண்ணு செஞ்சா உனக்குப் பொறுக்கலையா?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அப்போ பிரேக் வாஷர், அந்த நட்டு… எல்லாம் காணாமப் போச்சே, அதுவும் நீங்கதானா அண்ணி?"

"சத்தியமா இது ஒண்ணுதாம்பா. மத்தது எதுவும் எனக்குத் தெரியாது."

"ஒண்ணு எடுத்த கை மத்ததை எடுக்காதா?" என்றார் மாமியார். ஏனோ அதைச் சொல்லும்போது மட்டும் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

கணவர் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் தேவலை. "எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சோன்னு தூக்கமில்லாம கெடந்தேன்" என்றார் மெதுவாக. "நீ பக்கத்துலயே படுத்திருந்த. ஒரு வார்த்தை சொல்லல."

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்த தவறின் ஆழம் விளங்கியது. இடம் மாறிய நட்டு, வழிந்த ஆயில், ஒரே திருகை இரண்டு தடவை முறுக்கியது… அவருக்குள் ஏதோ சரியில்லை என்பதற்கு இருந்த அடையாளங்கள் எல்லாம் இப்போது அவள் கணக்கில் ஏறிவிட்டன. தன் புத்தியில் கோளாறே இல்லை என்று அவர் தேறிவிட்டார். இனி எது காணாமல் போனாலும் அவருக்குச் சந்தேகம் வராது. ஒரு துண்டுப் பித்தளையை ஒளிக்கப்போய், நோயையே ஒளித்துவிட்டாள்.

"அம்மா, ஏம்மா இப்படிப் பண்ணே?" என்று மகள் கேட்டாள். தாய் குனிந்து சிதறிய பட்டன்களைப் பொறுக்கினாள். சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

அதன் பிறகு அந்த வீட்டில் அவளோடு யாரும் அவசியத்துக்கு மேல் பேசவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கொட்டகைப் பக்கம் போக அவளுக்குத் தடை. சமையலறை ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும் கேட்கும். உதை, மூச்சு வாங்கல், மறுபடி உதை. ஒவ்வொரு உதைக்கும் அவள் கைக்கரண்டி அந்தரத்தில் நிற்கும். கிளம்பாமல் அடங்கினால்தான் அடுத்த வேலை ஓடும்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அது கிளம்பிவிட்டது.

முதலில் ஒரு இருமல். பிறகு தடதடவென்று ஒரு முழக்கம், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொழுந்தன் விசிலடித்தான். வண்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

கணவர் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார், கல்யாண மாப்பிள்ளைபோல முகம். மகள் பின்னால் ஏறி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே தெரு சரிந்து இறங்கியது. கீழே ஒரு லாரி கடந்துபோனது.

அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. நேரே போய் முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து நின்றுவிட்டாள்.

"எறங்குடி கீழ" என்றாள் மகளிடம். "என்னங்க, உங்க கால்ல வேணா விழறேன். அவளை எறக்கிவிடுங்க. நீங்களும் எறங்குங்க."

"அண்ணி, தெருவே பாக்குது" என்றான் கொழுந்தன்.

"பாக்கட்டும். என் மேல ஏத்திட்டுப் போகச் சொல்லு."

கணவரின் முகம் சிவந்தது. "இன்னும் உன் புத்தி போகலையா? தள்ளு. தள்ளுன்னு…"

பேச்சு அங்கேயே நின்றது. வலது கை ஆக்ஸிலேட்டரை முறுக்கியபடியே இறுகியது. இடது கை கிளட்சைப் பிடித்திருந்ததால் வண்டி பாயவில்லை, இன்ஜின் மட்டும் அலறியது. புகை தெருவை மறைத்தது. அவர் அவளையே முறைத்துக்கொண்டிருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு சாண் தூரத்தில் நின்ற அவளுக்குத்தான் தெரிந்தது, அந்தக் கண்ணுக்குள் ஆள் இல்லை. கிளட்சைப் பிடித்த கை எப்போது தளரும் என்று யாருக்கும் தெரியாது. அவள் சக்கரத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அப்பா… அப்பா, பயமா இருக்குப்பா" என்று மகள் அவர் முதுகில் தட்டினாள். அவர் அசையவில்லை.

அப்போது நடந்ததை யாருமே எதிர்பார்க்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து ஓடிவந்தார். மூட்டுவலிக்காரர் எப்படி ஓடினாரோ. பேத்தியின் கையைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்துப்போட்டார். மகனின் கைக்குக் குறுக்கே பாய்ந்து சாவியைத் திருகினார். அலறல் அடங்கியது.

கணவரின் உதடு மென்றது. இமை தட்டியது.

"…சொல்றேன்ல" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தார். பிறகு கீழே குனிந்தார். "ஏன் ஆஃப் ஆச்சு? கார்புரேட்டர்ல இன்னும் அடைப்பு இருக்குபோல." திரும்பிப் பார்த்தார். முழங்கை சிராய்த்து மகள் தரையில் அழுதுகொண்டிருந்தாள். "நீ எப்பம்மா எறங்கின?"

கொழுந்தனின் முகத்தில் ரத்தமே இல்லை.

மாமியார் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் தம்பியும் இப்படித்தாண்டா நிப்பான்" என்றார். குரல் உடைந்து உடைந்து வந்தது. "சோத்துல கை வெச்சபடி நிப்பான். யோசிக்கறான், யோசிக்கறான்னு எங்க வீட்டுல பூசி மெழுகினாங்க. ஒரு நாள் ரோட்டு நடுவுல நின்னான். லாரிக்காரன் ஹாரன் அடிச்சான், நான் கத்தினேன்… என் கண்ணு முன்னாலதான்."

"அம்மா, என்னம்மா சொல்றே?"

"உன்னை அந்த மாதிரி முதல்ல பாத்தது அவ இல்லடா, நான். வாயால சொன்னா அது நெசமாயிடும்னு பயந்தேன். அந்த வாஷரை அவ எடுக்கல. நீயேதான் அப்படி நின்னுட்டு டீ டம்ளர்ல போட்டே. கழுவறப்ப எடுத்து நான்தான் ஒளிச்சேன். பழியை அவ மேல போட்டேன்."

மாமியார் மருமகளின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, அவள் இடுப்பில் முகம் புதைத்துக்கொண்டார். "நீ சக்கரத்துக்குக் குறுக்க நின்னே. நான் பெத்தவ, வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். என்னை மன்னிச்சுடு தாயி…"

இத்தனை நாள் அடக்கியது அவளுக்கு அப்போதுதான் உடைந்தது. "எழுந்திருங்க அத்தை… நீங்க இப்ப சாவியைத் திருகலன்னா நாங்க யாரும் இல்ல" என்று மாமியாரைக் கட்டிக்கொண்டு விம்மினாள். மகள் எழுந்துவந்து இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கணவர் வண்டியிலிருந்து இறங்கினார். கொழுந்தன் வண்டியைத் தாங்கிக்கொண்டான்.

"எவ்வளவு நேரம் நின்னேன்?" என்று அவளிடம் கேட்டார்.

"நேரம் என்னங்க பெரிய நேரம்… நீங்க இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் தலை குனிந்தார். "உன்னைத் திருடின்னு நெனச்சேனே…"

"திருடினது நெசந்தானே" என்றாள் அவள், அழுகைக்கு நடுவே. "இன்னொரு தடவை வேணும்னாலும் திருடுவேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட பிள்ளைபோல நின்று, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் விரலெல்லாம் சில்லிட்டிருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

இத்தனை மாதம் அந்த வீட்டில் தனி ஒருத்தியாகப் பயந்துகொண்டிருந்தவள் அவள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அவள் மூச்சு முழுசாக வெளியே வந்தது.

"எனக்கும்தாங்க" என்றாள். "வாங்க, டாக்டர்கிட்ட போகலாம். பஸ்லயே போயிடலாம்."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நானும் வரேன். என் தம்பி கதையைச் சொல்ல நான் ஒருத்திதானே இருக்கேன்."

மூவருமாகச் சரிவில் நடந்து இறங்கினார்கள். பெரிய ரோடு வந்ததும் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கமாக அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.