ஒரு முழு நிமிடம்

மதியம் புறநோயாளிகள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, யாரும் ஏறாத எடை மெஷினின் முள் நடுங்கிக்கொண்டே நகர்ந்து முப்பத்தெட்டில் நின்றது. நர்ஸ் அதைக் காலால் தட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. பினாயில் வாடைக்கு அடியில் ஈரத்துணியின் முடைநாற்றம் மெல்லப் பரவிற்று. எங்கோ பக்கத்தில் யாரோ வேகமாக மூச்சுவிடும் சத்தம்.

திரையை விலக்கிப் பார்த்தாள். கட்டில் காலி.

காசநோய் உறுதியானவர்களை முதலில் சோதிப்பது அவள்தான். எடை, கால் வீக்கம், ரத்தத்தில் ஆக்சிஜன், ஒரு முழு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. ஆபத்து என்று தெரிந்தால் அன்றே வார்டில் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம்.

திங்கட்கிழமை ஒரு தையற்காரர் வந்தார். முப்பத்தெட்டு கிலோ. "வார்டெல்லாம் வேணாம் சிஸ்டர், தைக்க மலையா கிடக்கு" என்று சிரித்தார். வெளியே வரிசை நீண்டிருந்தது. மூச்சைக் கால் நிமிடம் மட்டும் எண்ணி நாலால் பெருக்கினாள். விரல் ஜில்லிட்டிருந்ததால் ஆக்சிஜன் கருவி எண்ணே காட்டவில்லை. தொண்ணூற்றைந்து என்று அவளாகவே போட்டாள். "பயப்பட ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க."

இன்று காலை அவர் பெயருக்கு எதிரே 'இறப்பு' என்று எழுதியதும் அதே பேனாதான்.

கதவருகே ஒரு பெண் நின்றாள். தோளில் நனைந்த சால்வை.

"சிஸ்டர், வீட்ல இருக்கறவங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும்னு சொன்னாங்க. நான் அந்த டெய்லர் வீட்டுக்காரி."

"உக்காருங்கம்மா."

"கடைசி வரைக்கும் உங்க பேச்சுதான் அவருக்கு. சிஸ்டரே பயமில்லன்னுட்டாங்க, நீ ஏன் அழுவுறன்னு என்னைத் திட்டுனாரு."

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். இந்த முறை முழு நிமிடம். அந்தப் பெண்ணின் மார்பு நிதானமாக ஏறி இறங்கியது. பதினெட்டு.

காதில் விழுந்தது நாற்பத்திரண்டு.

மறுபடி எண்ணினாள். பதினெட்டு. நாற்பத்திரண்டு. ஈரமான, அவசரமான மூச்சு. அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"தனியாத்தான் வந்தீங்களாம்மா?"

"வேற யாரு இருக்கா சிஸ்டர்?" அவள் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தாள். "ரெண்டு நாளா இந்தத் தோள்தான் விண்ணுன்னு வலிக்குது. தூக்கமில்லாததால இருக்கும்."

நர்ஸ் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். இனியும் மறைக்க முடியவில்லை.

"அம்மா, அன்னைக்கு நான் ஒழுங்கா எண்ணல."

"எதை?"

மூச்சுச் சத்தம் நின்றது. மழையும் கேட்கவில்லை.

வெள்ளந்தியாக அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் தோளில் சால்வை மெல்ல உள்ளே அமுங்கியது. முதலில் ஒரு குழி. பிறகு பக்கத்தில் இன்னொன்று. நான்கு. எழுந்து நிற்கப் பிடிமானம் தேடும் ஒருவரின் விரல்கள்போல, அவை நனைந்த துணியை மெதுவாக இறுக்கின.