வளைந்த குறிகளுக்குள்

பேருந்தில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் முழுக்க நனைந்திருந்தான். மடியில் வைத்த காகிதக் கட்டு மட்டும் நனையவில்லை. சட்டைக்குள் ஒளித்துக் காப்பாற்றியிருக்கிறான் போல...

சிவப்புப் பேனாவை எடுத்தான். ஓர் இடத்தைச் சுழித்தான். அடுத்ததையும் சுழித்தான். பேருந்து குலுங்கிப் பேனா நழுவியது. அவன் விடவில்லை.

“யாருன்னு தெரியல... கையில மட்டும் கிடைக்கட்டும்...”

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். நாற்பத்தோராம் பக்கம். எழுத்தின் அளவு, ஓரத்தில் விட்ட வெள்ளை, வரிகளுக்கு நடுவில் இடம்... எல்லாம் தெரிந்தவை. போன வாரம் அவளே கணினியில் அமைத்த பக்கம்.

“என்னங்க தப்பு அதுல?” கேட்க நினைக்கவில்லை. வந்துவிட்டது.

அவன் திரும்பினான். இமை நுனியில் ஒரு மழைத்துளி நின்றுகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குப் பொறுமையில்லை.

“இந்த மேற்கோள்குறியப் பாருங்க. நான் குடுத்தது நேரா, குச்சி மாதிரி. எல்லாத்தையும் வளைச்சு வச்சிருக்காங்க.”

“வளைஞ்சிருந்தா பார்க்க நல்லாத்தானே இருக்கு?”

“இது கம்ப்யூட்டர் பாடப் புத்தகம்ங்க. இதுல உள்ள புரோகிராம பசங்க புத்தகத்தோட குடுக்கற ஃபைல்ல இருந்து அப்படியே எடுத்து ஓட்டுவாங்க. நேர்க் குறின்னாத்தான் மெஷினுக்குப் புரியும். வளைஞ்சா ஒரு பாடம்கூட ஓடாது.”

“ஓ...”

“பக்கம் அமைச்சவங்க படிச்சே பார்க்கல. கண்ண எங்க வச்சிருந்தாங்களோ.”

அவள் கண் இப்போது ஜன்னலுக்கு வெளியே இருந்தது. காது மடல் சுட்டது.

இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது. அவள் குடையை விரித்தாள். போய்விடலாம்தான். ஆனால் அவன் காகிதக் கட்டைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றான்.

“வாங்க. அது நனைஞ்சிடும்.”

“அப்ப நான்?”

“நீங்க ஏற்கெனவே நனைஞ்சாச்சு.”

அவன் சிரித்தான். குடைக்குள் வந்தான். பத்தடி நடந்ததும் கேட்டான்.

“இங்க ஒரு பக்க அமைப்புக் கடை இருக்காமே. தெரியுமா? ஃபைல் அனுப்பினதோட சரி, நேர்ல போனதில்ல. இன்னைக்குச் சண்டைக்குப் போறேன்.”

“தெரியும். காட்டறேன்.”

கடை வாசலில் நின்றாள். பையிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள்.

“உட்காருங்க. கண்ணு இங்கதான் இருக்கு.”

அவன் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றான்... கொண்டுவந்த கோபத்தைத் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை போலிருக்கிறது.

புதுப் புத்தகம் வந்தால் அவள் செய்யும் முதல் வேலை ஒன்று உண்டு. ஒரே அழுத்தலில் நேர்க் குறிகளை எல்லாம் வளைத்துவிடுவாள். நேர்க் குறி அவள் கண்ணுக்கு, தாளில் அறைந்த ஆணி. கதை, கட்டுரை, விழா மலர் என்று பதினோரு வருடம் இப்படித்தான். கணினிப் புத்தகம் அந்தக் கடைக்கு இதுதான் முதல் தடவை.

அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கடைக்காரி வந்துவிட்டாள். அவளுடைய அக்கா. விஷயத்தைக் கேட்டாள். யோசிக்கவே இல்லை.

“நீங்க அனுப்பின ஃபைலே அப்படித்தான் சார் வந்துச்சு.”

அவன் பார்வை தங்கையின் மேல் வந்து நின்றது. அவள் விசைப்பலகையைப் பார்த்தாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். பஸ்ஸில் அப்படிப் பேசியவனிடமா...

“அப்படியா?” என்றான் மெல்ல. “அப்ப என் தப்பாத்தான் இருக்கும்.”

அவன் கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு அடுத்த திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே அழுத்தலில் நேராக்க முடியவில்லை. ஒவ்வொரு பாடமும் ஒரு சோம்பேறி மாணவனும் ஒரு பிடிவாதக்கார மெஷினும் பேசிக்கொள்வதில் தொடங்கியது. அந்தப் பேச்சுக்கு வளைந்த குறி. புரோகிராமுக்கு நேர்க் குறி. அறுநூறு இடம். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் படிக்க வேண்டும்.

பதினோரு வருடமாக அவள் புத்தகங்களை அமைத்துவந்தாள். படித்ததில்லை.

மூன்றாம் பாடத்தில் மெஷின் மாணவனிடம் சொன்னது: “நீ சொன்னதைச் செய்தேன். நீ நினைத்ததை நான் எப்படிச் செய்வேன்?”

அவள் கை நின்றது. அதே வரியை மறுபடி படித்தாள்.

“என்னடி சிரிப்பு?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்ல.”

தினமும் நாலு மணிக்கு, வகுப்பு முடிந்து அவன் வந்தான். எதிரில் உட்கார்ந்து மடிக்கணினியில் ஒவ்வொரு பாடமாக ஓட்டிப் பார்த்தான்.

“ஓடுதா?”

“ஓடுது.”

“இது?”

“பறக்குது.”

“ரொம்பப் புகழாதீங்க வாத்தியாரே. கண்ணு இல்லாதவ செஞ்சது.”

“அத இன்னும் மறக்கலையா?”

“எழுதியே வச்சிருக்கேன்.”

ஒரு பக்கத்தை அவள் பக்கம் திருப்பினான். “இங்க பையன் பேசறான். நேர்க் குறி போட்டிருக்கீங்க.”

“குச்சிதானே உங்களுக்குப் பிடிக்கும்?”

“மெஷினுக்குப் பிடிக்கும்னு சொன்னேன். எனக்கில்ல.” அவன் விரல் அந்த வரியில் இருந்தது. “மனுஷங்க பேசறதுக்கு உங்களோடதுதான் சரி. ரெண்டு கையும் குவிச்சு ஏந்தின மாதிரி இருக்கு.”

அவள் திருத்த வேண்டிய இடத்தைத் தொலைத்துவிட்டாள்... தேடிக் கண்டுபிடிக்க நேரமாயிற்று.

“ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரமா?” அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “இவ ஒரு வாரத்துல ஒரு புத்தகமே முடிப்பா சார். உங்களுக்குத்தான் இந்த உபசாரம்.”

இருவரும் திரையையே பார்த்தார்கள்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் கடைசிப் பக்கத்தில் எழுதியவர் தன் கையால் ‘திருத்தம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. வியாழக்கிழமை அவன் அதைச் செய்வதாக இருந்தது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அவன் வரவில்லை. நாலரைக்குக் கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அக்கா பேசிவிட்டு வைத்தாள்.

“துறைத் தலைவி நாம முதல்ல அனுப்பின ஃபைல ஓட்டிப் பார்த்திருக்காங்க. முதல் பாடமே ஓடலையாம். கேட்டதுக்கு அவரு தன் தப்புன்னு சொல்லியிருக்காரு. இந்தப் புத்தகமே வேணாம், பழைய புத்தகமே போதும்னுட்டாங்களாம்.”

“அவர் ரெண்டு வருஷமா உட்கார்ந்து எழுதினது அக்கா.”

“விடு. நாம என்ன செய்ய?”

“தப்பு நம்மளது. என்னோடது.”

“மெல்லப் பேசு.” அக்கா கதவைப் பார்த்தாள். “இத்தனை வருஷத்துல ஒரு புத்தகம் இந்தக் கடைக்குத் திரும்பி வந்ததில்ல. அந்தப் பேர நீயே போய்க் கெடுக்கணுமா?”

“நம்ம பேரு நிக்குதுக்கா. அவர் பேரு போகுது.”

அக்கா மேசையில் ஒழுங்காக இருந்த காகிதங்களை மறுபடி ஒழுங்காக அடுக்கினாள். தங்கை மூன்று தாள்களை அச்செடுத்து, கடைசிப் பக்கத்தோடும் பென்டிரைவோடும் ஓர் உறையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“குடைய எடுத்துட்டுப் போடி.”

கல்லூரியில் துறைத் தலைவியின் மேசை மேல் தாள்களை வைத்தாள்.

“இது அவர் எங்களுக்கு அனுப்பினது மேடம். எல்லாம் நேரா இருக்கு. இது நான் வளைச்சது. படிக்காம செஞ்சேன். இது இப்ப இருக்கறது, ஃபைல் இந்தப் பென்டிரைவுல. ஓட்டிப் பாருங்க.”

தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பாடத்தை ஓட்டினார். ஓடியது. ஐந்தாவதை ஓட்டினார். ஓடியது. நடுவில் மாணவனும் மெஷினும் பேசும் இடத்தில் அவர் உதடு லேசாக விரிந்ததை அவள் பார்த்தாள்.

“இதச் சொல்றதுக்கா மழையில வந்தீங்க?”

“முதல் நாளே சொல்லியிருக்கணும்.”

“ம். புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போகட்டும். அடுத்தத உங்க கடைக்குக் குடுக்கறதா வேணாமான்னு நான் யோசிக்கணும்.”

“யோசிங்க மேடம்.”

வெளியே தூணோரம் அவன் நின்றிருந்தான். குடை இல்லை. வழக்கம்போல...

“கதவு திறந்துதான் இருந்துச்சு,” என்றான். “எல்லாம் கேட்டுச்சு.”

“இப்பவாவது தெரிஞ்சுதா, உங்க ஃபைல் நேராத்தான் இருந்துச்சுன்னு?”

“என் ஃபைல் எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும்.”

அவள் நிமிர்ந்தாள். “அப்ப ஏன் ஒத்துக்கிட்டீங்க?”

“உங்க முகத்தப் பார்த்தேன். அதுக்கு மேல சண்டை போட முடியல.” மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல.”

“என் மேல கோபமே இல்லையா?”

“இருந்துச்சு. பஸ்ஸோட சரி.”

அவள் உறையிலிருந்து கடைசிப் பக்கத்தை எடுத்து நீட்டினாள். தூணில் வைத்து அவன் எழுதினான். திருத்தம் இல்லை. கையெழுத்து. அவள் வாங்கிக்கொண்டாள். புத்தகம் முடிந்தது. நாளை நாலு மணிக்கு அவன் வரக் காரணம் இல்லை.

அவன் மழைக்குள் ஒரு படி இறங்கினான்.

“வாத்தியாரே.”

நின்றான்.

“நினைச்சா பத்தாது, சொன்னாத்தான் நடக்கும்னு உங்க மெஷின் சொல்லுது. நான் ஏற்கெனவே ஒரு தடவை வாய மூடிட்டு இருந்துட்டேன்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு.”

இமையில் மறுபடி ஒரு துளி. இந்த முறை அவன் அதைத் துடைத்தான். பேனாவைத் திறந்தான். மூடினான்.

“மறுபடி ஒரு தடவை சொல்லுங்க.”

“எதுக்கு?”

“திருத்தம் பார்க்கணும்.”

அவள் குடையை விரித்தாள். அவன் தலைக்கு மேல் பிடித்தாள். இப்போது கண்ணைப் பார்த்தே சொன்னாள். மெதுவாக... ஒவ்வொரு சொல்லாக.

“சரியா இருக்கா?”

“ஒரு சொல் விட்டுப் போயிருக்கு.”

“எது?”

குடையின் கைப்பிடியை அவள் விரல்களோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

“எனக்கும்.”