எல்லாரும் வந்தாச்சு

நின்றுபோயிருக்க வேண்டிய புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளம் எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று கணக்கிட அதில் எட்டுப் பகுதிகள். மழைக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று என்று எல்லாம் ஒரே நேரத்தில் தனித்தனியே வேலை செய்யும். அவற்றைக் கட்டி மேய்ப்பதுதான் அவள் பிழைப்பு. அத்தனையும் வந்து சேர்ந்தால்தான் அடுத்த அடி. சேர்ந்ததும் திரையில் ‘எல்லாரும் வந்தாச்சு’ என்று வரும். விளையாட்டாக அவளே எழுதி வைத்தது.

அலுவலகத்தில் ‘வாத்தியார்’ என்று பெயரெடுத்தவர் போனில் சிரித்தார்.

“இருக்கறது எட்டு. நீ ஒம்பது பேர் வரணும்னு போட்டிருக்கியேம்மா. ஒம்பதாவது ஆளுக்காகக் காத்துக்கிட்டு அப்படியே நின்னிருக்கணுமே?”

“நிக்கல சார். காலையிலேர்ந்து ஓடுது.”

“அப்ப யாரோ வர்றாங்க. அவங்களுக்கும் சேர்த்து சம்பளம் போடச் சொல்லு.”

போனை வைத்ததும் வீடு அமைதியானது. மேகம் மூடிய மதியம், திரைச்சீலை அசையாமல் தொங்க, மின்விசிறியின் முனகலுக்கு அடியில், ஒவ்வொரு முறை அந்த வாசகம் வரும்போதும், நடையில் ஈரக்கால் ஒன்று தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. குழாய் சொட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். சத்தம் நகர்ந்தது. மகள் காய்ச்சலோடு தூங்கும் உள்ளறைப் பக்கமாக.

ஓடிப் போய்ப் பார்த்தாள். யாருமில்லை. சேற்று வாடை மட்டும். வாண்டு போர்வைக்குள் கொதித்துக்கொண்டு தூங்கினாள்.

திரும்பி வந்து, ஒன்பதை எட்டாக்கினாள். ஒழிந்தது சனியன்.

சத்தம் நின்றது. திரையில் ‘எல்லாரும் வந்தாச்சு.’

அப்பாடா என்று சாய்ந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். இடம் எட்டு. வருவதோ இன்னும் ஒன்பது பேர். முந்தியவர்கள் உள்ளே. கடைசியாக வருபவர் வெளியே.

வாசல் கதவு தட்டப்பட்டது. மெதுவாக. கைப்பிடிக்கும் கீழே.

“அம்மா... கதவைத் தொறம்மா. குளிருதும்மா.” காய்ச்சலில் கம்மிய குரல். மகளின் குரல்.

கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. எழுந்தாள். கை தாழ்ப்பாளைத் தொட்டது.

“தொறக்காதம்மா.”

உள்ளறையிலிருந்து. அதே குரல். காய்ச்சல் இல்லாமல்.

“எல்லாரும் வந்தாச்சு.”

திரும்பிப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த சின்னக் கால்களிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது.