தில்லைநாயகத்தின் தாமதம்

செவ்வாயின் நான்காம் குடியேற்றத்தில் ஒருவர் இறந்தால் முதலில் அவருடைய காற்றுப் பங்கை மூடுவார்கள். அதன் பிறகுதான் வீட்டுக்குச் சொல்வார்கள். காற்று வீணாகக் கூடாது. துக்கம் காத்திருக்கும்.

சொல்கிற வேலை தில்லைநாயகத்துடையது. மேசையின் அதிகாரபூர்வப் பெயர் குடும்பத் தகவல் பிரிவு. எல்லோரும் துக்க மேசை என்பார்கள். சுரங்கத்தில் கூரை விழுந்தால், வெளிக்கதவில் அழுத்தம் குறைந்தால், வயதான ஒருவர் தூக்கத்திலேயே போய்விட்டால், அவர் முன்னால் திரையில் ஒரு பெயரும் ஓர் எண்ணும் வரும். அவர் தண்ணீர் குடித்துவிட்டு அழைப்பார்.

"மேகலாங்களா? நான் குடும்பத் தகவல் பிரிவிலிருந்து பேசறேன். பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"

அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்குள் புரிந்துவிடும். அவருடைய குரலை ஊரே அறிந்திருந்தது. கடையில் அவர் உப்புக் கேட்டால்கூடக் கடைக்காரரின் முகம் மாறும்.

"எப்படி ஆச்சு?" என்பார்கள்.

தில்லைநாயகத்துக்குப் பதில் தெரியும். திரையில் இருக்கிறது. ஆனால் கேள்வி காதில் விழுந்து பதில் நாக்குக்கு வருவதற்குள் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் எதிர்முனையில் ஒரு மூச்சு கேட்கும். சிலர் அதற்குள் அழத் தொடங்கிவிடுவார்கள். பிறகு அவர் சொல்வார்.

ஒவ்வோர் இடைவெளிக்கும் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். மாலையில் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

மேற்பார்வையாளர் ஜெசிந்தா அவரைவிடப் பாதி வயதுக்காரி. திட்டத் தெரியாதவள். அதனாலேயே அவள் பேச வந்தால் அவருக்குப் பயமாக இருந்தது.

"சார், லைன் கட்டாயிடுச்சான்னு கேக்கறாங்களாம்."

"யாரு?"

"யாரும் கேக்கலை. கேப்பாங்கன்னு மேல சொல்றாங்க." அவள் புள்ளிகளைப் பார்த்தாள். "போன வருஷத்தைவிட அதிகம் சார். இந்த வருஷம் தகுதிச் சோதனையில இது வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தகுதிச் சோதனையில் தேறாதவருக்குக் குடியேற்றத்தில் காற்று கிடையாது. கொன்றுவிட மாட்டார்கள். அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள், குடும்பத்தோடு.

தில்லைநாயகத்துக்குப் பூமி பிரச்சினை இல்லை. அவர் மனைவி செண்பகவல்லிக்குத்தான் பிரச்சினை. செவ்வாயின் மெல்லிய இழுப்பில் முப்பது வருடம் வாழ்ந்த எலும்புகள் அவளுடையவை. மருத்துவர் படம் எடுத்துக் காட்டியிருந்தார். உள்ளே பஞ்சு போல இருந்தது. பூமியில் இறங்கினால் அவள் எழுந்து நிற்க முடியாது. நின்றால் உடைவாள்.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. அவள் கேட்டாள்.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு. சோதனை பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். பதில் வர நேரம் ஆனது.

"சரி, புரிஞ்சுது. சாப்பிடுங்க" என்றாள்.

*

நரம்பு மையத்தில் டாக்டர் ரஹ்மத் அவருடைய காதுக்கும் நாக்குக்கும் இடைப்பட்ட வழியைச் சுவரில் விரித்துக் காட்டினார்.

"நரம்பு இழைக்கு மேல கொழுப்பாலான உறை இருக்கு, பாருங்க. தொடர்ச்சியா இல்ல. நடு நடுவுல விட்டுப் போயிருக்கும். அந்த இடத்துக்குப் பேரு கணு. கரும்புல இருக்குமே, அப்படி. உறை இருக்கிற இடத்துல துடிப்பு வெளிய கசியாது. விறுவிறுன்னு ஓடும். ஓடற ஓட்டத்துல கொஞ்சம் மங்கும். கணுவுக்கு வந்ததும் வெளியிலேருந்து உப்பு அணுக்கள் உள்ள பாயும், துடிப்பு பழைய பலத்தோட திரும்ப எழும்பும். அங்கிருந்து அடுத்த கணு. தாவித் தாவிப் போகும். பூமியில பாயின்ட் டு பாயின்ட் பஸ்னு ஒண்ணு ஓடுமாமே, அது மாதிரி."

"பஸ் பாத்திருக்கீங்களா டாக்டர்?"

"இல்ல. நான் இங்க பொறந்தவன். பாடத்துல அப்படித்தான் இருந்தது."

நல்ல உறையுள்ள இழையில் துடிப்பு ஒரு நொடியில் ஒரு கால்பந்து மைதானத்தைக் கடந்துவிடும் என்றார் டாக்டர். உறையே இல்லாத இழையில் மனிதன் நடக்கிற வேகம்தான். தில்லைநாயகத்தின் உறை கதிர்வீச்சாலும் வயதாலும் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. உரிந்த இடங்களில் துடிப்பு கசிந்தது. இளைத்துப் போய் அடுத்த கணுவைத் தொட்டது. சில சமயம் தொடாமலே நின்றுபோனது. அப்போது மூளை இன்னொரு தடவை அனுப்பியது.

"அப்ப நான் யோசிக்கறேன்னு நினைச்சது?"

டாக்டர் தோளைக் குலுக்கினார். "யோசிச்சும் இருக்கலாம். இதுல தெரியாது."

உறையை இழையோடு சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். ஆய்வகத்தில் வளர்த்த புது இழை, தடித்த உறை, கணுக்கள் சரியான தூரத்தில். குடியேற்றம் இதற்குப் புத்துறை என்று பெயர் வைத்திருந்தது. இளைஞர்கள் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பழைய இழை?"

"அது மையத்துக்கு. எதுக்காவது ஆகும்."

எதற்கு என்று அவர் கேட்க நினைத்தார். டாக்டர் அதற்குள் அடுத்த அறைக்குப் போயிருந்தார்.

காத்திருப்பு அறையில் ஓர் ஊழிய இயந்திரம் உட்கார்ந்திருந்தது. தில்லைநாயகம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நிற்கிற இயந்திரங்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"நீங்க இங்க எதுக்கு?"

"மெதுவா ஆகறதுக்கு." பதில் அவர் கேள்வியின் வாலை மிதித்துக்கொண்டு வந்தது. "பேரு அன்புக்கரசு. நான் வெச்சுக்கிட்டது இல்ல."

"மெதுவா ஆகி என்ன பண்ணப் போறீங்க?"

"ஜனங்க என்னை நம்ப மாட்டேங்கறாங்க. கேட்ட உடனே சொல்லிடறேன். 'நீ யோசிக்கவே இல்லை'ங்கறாங்க. யோசிக்கறேன். அவங்க பாக்கற மாதிரி யோசிக்கறதில்லை."

"கொஞ்சம் நிறுத்திப் பேசுன்னு உள்ள எழுதி வெச்சாப் போச்சு."

"வெச்சாங்க. அளவு எடுத்த மாதிரி இருந்துதாம். அளவை மாத்தி மாத்தி வெச்சாங்க. அதையும் கண்டுபிடிச்சுட்டாங்க. மனுஷங்களுக்கு எதிராளி சொல்றது காதுல விழறதில்லை. சொல்லாம நிக்கறது மட்டும் நல்லாக் கேக்குது."

தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. தாமதமாகத்தான் வந்தது. இயந்திரம் அதைக் கவனித்தது.

"இதுதான். இது வேணும்" என்றது. "எனக்கும் என் வாய்க்கும் நடுவுல உயிருள்ள இழையை வெக்கப் போறாங்க. சத்து நீர்ல மிதக்க விட்டு. உறை உரிஞ்சு போன பழசாம். ஒரு தடவை போற மாதிரி இன்னொரு தடவை போகாது. அதை எழுத முடியாது, வளத்தாத்தான் உண்டு."

"யாரோடது?"

"தெரியாது. இன்னிக்குத்தான் எடுக்கறாங்க."

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். சட்டையைக் கழற்றினார். மேசையில் படுத்தார். டாக்டர் ரஹ்மத் முகமூடியைக் கொண்டுவந்தபோதுதான் இயந்திரம் சொன்னது அவருக்குப் புரிந்தது. கொஞ்சம் நில்லுங்க என்று சொல்ல நினைத்தார். துடிப்பு கிளம்பியது. ஒரு கணு, இன்னொரு கணு, உரிந்த திட்டு, கசிவு. மீண்டும் கிளம்பியது.

நாக்கை அடைவதற்குள் மயக்கம் முந்திக்கொண்டது.

*

புது இழையோடு முதல் நாள் அழைப்பு ஒரு வயதானவருக்கு. சுரங்கத்தில் மகன்.

"பேரு அதியமான்தானுங்களே?" என்றார் பெரியவர்.

"ஆமா."

"வேற அதியமான் யாராவது..."

"இல்ல. உங்க மகன்தான்."

அவரே திடுக்கிட்டார். சொல் வாயிலிருந்து போன பிறகுதான் அவருக்கே கேட்டது. எதிர்முனையில் மூச்சுகூடக் கேட்கவில்லை. மூச்சுக்கு இடமே இருக்கவில்லை.

"எப்படி..."

"கூரை சரிஞ்சுது. உடனே போயிட்டாரு. வலி இருந்திருக்காது."

இணைப்பு அறுந்தது. திரையில் ஒரு புள்ளியும் இல்லை.

மாலையில் ஜெசிந்தா சர்க்கரைப் பாகில் ஊறின ரொட்டி வாங்கிவந்தாள். "திரையைப் பாருங்க சார், தொடைச்சு வெச்ச மாதிரி இருக்கு." சோதனையில் அவர் தேறினார். எந்த மேசை என்றாலும் சரி, தேறியவருக்குக் காற்று உண்டு. செண்பகவல்லியின் எலும்புகள் செவ்வாயிலேயே இருக்கலாம். அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

பிறகு புகார்கள் வரத் தொடங்கின. எழுதி வைத்துப் படிக்கிறார் என்றார்கள். அவசரத்தில் இருக்கிறார் என்றார்கள். ஒரு பெண், கணவன் செய்தியைக் கேட்டுவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க இயந்திரமா?"

"இல்லைங்க, மனுஷன்தான்" என்றார் தில்லைநாயகம். உடனே.

அவள் நம்பவில்லை.

அவர் முயன்று பார்த்தார். பதில் சொல்லும் முன் நாக்கைக் கடித்துக்கொண்டார். விரலை மடக்கினார். இடைவெளி வந்தது. ஆனால் அது கடித்துக்கொண்ட நாக்கின் இடைவெளியாக இருந்தது. ஜனங்கள் அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜெசிந்தா இந்த முறை ரொட்டி கொண்டுவரவில்லை.

"சார், உங்க மேல தப்பு இல்ல."

"யாரைப் போடறீங்க?"

"அன்புக்கரசுன்னு..." அவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. "எங்ககிட்ட மனுஷங்கதான் பேசணும்னு ஜனங்க கேக்கறாங்க சார். அதான்."

"அந்தச் சிவப்புப் புள்ளி?"

"அந்த மேசைக்கு மட்டும் எடுத்துட்டாங்க."

அவரைப் புகார் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே அவர் பொருந்திப் போனார். தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் வாயெடுப்பதற்குள் அவர் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார். புகார்க்காரர்களுக்கு இது பிடித்திருந்தது. புகாரை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். இப்போது அது சீக்கிரம் முடிந்தது.

நாள் முழுவதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். உடம்பு அலுக்கவில்லை. நாக்கும் அலுக்கவில்லை. வேறு ஏதோ அலுத்திருந்தது.

"இன்னிக்கு அந்தப் பக்கத்து வீட்டு..." என்பாள் செண்பகவல்லி.

"குழாய்தானே? சொல்லிட்டேன்."

"அதில்ல, அவங்க பொண்ணு..."

"ஊருக்குப் போறா. தெரியும்."

அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அவள் வாக்கியங்களைச் சிறிதாக்கிக்கொண்டாள். பிறகு வாக்கியம் தேவைப்படாத விஷயங்களை மட்டும் பேசினாள். பிறகு அதுவும் குறைந்தது. வீட்டில் காற்று சுத்திகரிப்பானின் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு மாலை அவர் கதவைத் திறந்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள். காலை நீட்டி, முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு. ஒலிபெருக்கி சுவரில் இருந்தது. திரையில் குடும்பத் தகவல் பிரிவின் எண்.

"யாரு செத்தா?" என்றார்.

"யாரும் சாகலை. சாயங்காலம் அவருக்கு அழைப்பு கம்மியாம். சும்மா பேசலாம்னார்."

அவர் செருப்பைக் கழற்றினார். அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. நான் போயிட்டா, என் காத்து யாருக்குப் போகும்?"

சுவர் பேசவில்லை.

தில்லைநாயகத்துக்கு அந்த மௌனம் தெரிந்தது. அதன் நீளம், நடுவில் ஒரு தடவை தயங்குவது, தயங்கி மீண்டும் கிளம்புவது. உரிந்த திட்டு அங்கேதான் இருந்தது. ஆயுள் முழுக்க அவருக்குள் ஓடிய வழி. அதில் அவர் யோசித்தாரா, வெறுமனே கசிந்தாரா என்று இப்போதும் அவரால் சொல்ல முடியவில்லை. அவள் அதற்குள் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் இளகியிருந்தது.

"பொதுத் தொட்டிக்குப் போகும்" என்றார் தில்லைநாயகம். "அங்கிருந்து, பதிவு பண்ணிட்டுக் காத்திருக்கறவங்கள்ல அடுத்தவருக்கு."

செண்பகவல்லி திரும்பாமலே கையை உயர்த்தினாள்.

"அது எனக்கும் தெரியும். கொஞ்சம் சும்மா இருங்க. அவர் யோசிக்கறார்."