வண்டி நம்பர் தெரியாதவர்கள்

படியேறும்போதே லாரி வக்கீலுக்கு எரிச்சல் மூண்டது. எதிரே ஒரு பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். இடது கையில் மாவுக்கட்டு, வலது கையில் எக்ஸ்ரே உறை. கட்டைப் பார்த்தாலே எந்த வாரத்து விபத்து என்று சொல்லக்கூடியவர் அவர். இது நல்ல கேஸ். அந்த நல்ல கேஸ் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

"ஏம்மா, ஆபீஸ் மேலதான். ஏன் திரும்பிட்டீங்க?"

"ஒரே கூட்டம் சார். உட்கார இடமில்ல. நாளைக்கு வர்றேன்."

மேலே போய்ப் பார்த்தார். நீளமான கூடம். நாற்பது ரெக்ஸின் நாற்காலிகள். நாற்பதும் காலி. மின்விசிறி தன்பாட்டுக்குக் காற்றை வீணாக்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது நாளாக இதே கதை. வருகிறவர்கள் வாசலில் எட்டிப் பார்க்கிறார்கள், "கூட்டமாயிருக்கு" என்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

போன வருஷம் வரைக்கும் ஒற்றை அறையில் இருந்தவர். லாரி மோதிய கேஸ் தவிர வேறெதையும் தொடமாட்டார். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். "எத்தனை நாளைக்கு மாமா குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டுவீங்க? வளரணும்" என்றான். நெடுஞ்சாலை ஓரத்தில் விளம்பரப் பலகை முளைத்தது. பஸ்ஸின் முதுகில் வக்கீலின் முகம் ஊரைச் சுற்றியது. பழைய பர்னிச்சர் கடையின் மாடி ஆபீஸானது.

கூடவே மைத்துனன் போட்ட ஒரு சட்டமும் வந்தது. மோதிய லாரியின் நம்பர் தெரியாத கேஸ் வேண்டாம். அதில் யார்மீது வழக்குப் போடுவது? ஆனால் "முடியாது" என்று சொல்லவும் கூடாது. சொன்னால் வெளியே போய்த் திட்டுவார்கள், பெயர் கெடும். அதனால் "உட்காருங்க, கூப்பிடறோம்" என்று சொல்லிவிட வேண்டியது. சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர்களாகவே எழுந்து போய்விடுவார்கள்.

அப்படித்தான் போனார்கள். அடிபட்டுச் செத்தவர்களின் பெண்டாட்டிகள், அப்பாக்கள், அண்ணன் தம்பிகள். ஒருவர்கூடச் சண்டை போடவில்லை.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வாத்தியார் வருகிறார். டேங்கர் லாரி கவிழ்ந்து எரிந்ததில் ஆளை இழந்த முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு அவர்தான் தலைவர். அவர் மகளும் அதில் போய்விட்டாள். அவர் கையெழுத்துப் போட்டால் இந்த ஆபீஸ் நிற்கும். போடாவிட்டால் மாதக் கடைசியில் கூடத்தைக் காலி செய்துவிட்டு, ஜூனியரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டு, மறுபடி ஒற்றை அறைதான். அவரும் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால்?

"எல்லாம் போட்டி வக்கீலுங்க வேலை மாமா" என்றான் மைத்துனன். "ஆள் வச்சுத் திருப்பி அனுப்பறாங்க."

அப்போது ஊன்றுகோலுடன் ஒருவர் வாசலில் வந்து நின்றார். எட்டிப் பார்த்தார். திரும்பினார்.

வக்கீல் பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்தார். "எங்கய்யா கூட்டம்? காட்டு. எத்தனை பேர் இருக்காங்க? எண்ணிச் சொல்லு!"

அந்த ஆள் அவரை ஒரு மாதிரி பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எண்ண வேணாம் சார். ஒரு நாற்காலி பாக்கியில்ல. ஆனா ஏன் சார் யாருமே பேசல? எல்லாரும் உங்க ரூம் கதவையே பாத்துட்டிருக்காங்க."

சற்று யோசித்து, இன்னும் மெல்லச் சொன்னார்.

"கண்ணு சிமிட்டாம."

ஊன்றுகோல் படிகளில் டக் டக்கென்று வேகமாக இறங்கியது.

"பைத்தியக்கார ஊர்!" வக்கீல் கத்தினார். "இந்தா பாரு, காலி! இது காலி! இது காலி!" ஒவ்வொரு நாற்காலியாகக் கையால் அறைந்துகொண்டே போனவர், மூன்றாவது வரிசையில் ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்தார்.

உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

கீழே இருந்தது ரெக்ஸின் இல்லை.

யாருடைய மடியோ.

டீசல் வாடை அப்போதுதான் அவர் மூக்கில் ஏறியது. டீசல், கருகிய டயர், மழை விழுந்த தார் ரோடு. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவர் கூடத்தைப் பார்த்தார். நாற்பது நாற்காலிகளின் மெத்தைகளும் நடுவில் குழிந்திருந்தன.

ஒன்றுவிடாமல்.

"எனக்கு நாலு நாளா வாசனை வருது சார்" என்றாள் ஜூனியர், தன் மேஜையில் இருந்தபடியே. கிசுகிசுப்பாகத்தான் பேசினாள். "நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."

"என்ன இது?"

"உட்காருங்க, கூப்பிடறோம்னு சொன்னோம்ல சார். வந்தவங்க எழுந்து போயிட்டாங்க. யாருக்காக வந்தாங்களோ, அவங்க போகல போலிருக்கு."

மைத்துனன் சுவரோடு சுவராக நகர்ந்து ஜூனியரின் மேஜைக்குப் பின்னால் போய் நின்றான். "ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்து..."

"வாயை மூடுடா. எல்லாம் உன் ரூல்."

"ரூல் என்னுது மாமா. கூப்பிடறேன்னு சொன்ன வாய் உங்களுது."

ஜூனியர் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொருவரையும் அவள் எழுதி வைத்திருந்தாள். "கூப்பிட்டுடுங்க சார். அஞ்சு மணிக்குள்ள முடிச்சுடலாம்."

வேறு வழி தெரியவில்லை. வக்கீல் தன் அறைக்குள் போய் உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தது. ஜூனியர் வாசலில் நின்று முதல் வரியைப் படித்தாள்.

"பாலத்துக்கு அடியில அடிபட்ட பால்காரர். சம்சாரம் வந்துட்டுப் போனாங்க. நீங்க உள்ள வரலாம்."

கூடத்தில் ஒரு மெத்தை மூச்சு விட்டது.

புஸ்ஸ்.

வாடை நெருங்கியது. வக்கீலுக்கு எதிரே இருந்த நாற்காலி தானாக ஒரு அடி பின்னால் நகர்ந்தது. அதன் மெத்தை மெதுவாக அமுங்கியது. மேஜைக் கண்ணாடியில், எதிர்ப்பக்கத்தில், ஆவி படிந்தது. படிந்து, மறைந்து, மறுபடி படிந்தது.

"சொ... சொல்லுங்க."

குரல் காதருகே கேட்டது. மண் அடைத்துக்கொண்ட குரல்.

"வண்டி நம்பர் கேட்டீங்களாமே. சொல்றேன், எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். நாற்காலி முன்னால் நகர்ந்து பழைய இடத்துக்கு வந்தது. ஜூனியர் அந்த நம்பரைத் தனக்குத் தெரிந்த இன்சூரன்ஸ் சர்வேயரிடம் போனில் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. செங்கல் லாரி. அதே வாரத்தில் முன்பக்க பம்பரை மாற்றியிருக்கிறார்கள். காரணம் எழுதிய இடத்தில் 'மாடு குறுக்கே வந்தது.'

வக்கீல் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"அடுத்து" என்றார்.

புஸ்ஸ்.

பத்தாவது ஆளுக்குள் பயம் பாதி போய்விட்டது. பதினைந்தாவது ஆளுக்கு அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். எந்தப் போலீசுக்கும் கிடைக்காத நம்பர்கள் வரிசையாக வந்து விழுந்தன. மைத்துனனுக்கும் தைரியம் வந்தது. "சாட்சி யாருன்னு ஜட்ஜ் கேட்டா என்ன மாமா சொல்லுவீங்க? கூண்டுல ஏத்தினா கூண்டு காலியால்ல இருக்கும்!"

மூன்று மணி ஆனது. இன்னும் பதினெட்டுப் பேர். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். "நம்பர் மட்டும் சொல்லுங்க. போதும். நம்பர் மட்டும்."

இருபத்து மூன்றாவது ஆள் நம்பர் சொல்லவில்லை.

"நான் ஹார்ன் அடிச்சேன் சார்."

"சரி. நம்பர்?"

"ஹார்ன் அடிச்சேன் சார்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்யா. நம்பரைச் சொல்லு, நேரமாகுது!"

மேஜைக் கண்ணாடி கிரீச்சென்று ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு விரிசல் விட்டது. அறை பனிக்கட்டிக் கிடங்காகக் குளிர்ந்தது. வெளியே, மீதி இருந்த மெத்தைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மூச்சு விட்டன.

எழுந்து நின்றுவிட்டார்கள்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் விரிசல் விட்ட கண்ணாடிமேல் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க. சொல்லுங்க. எத்தனை தடவை அடிச்சீங்க?"

கண்ணாடியின் விரிசல்மேல் மறுபடி ஆவி படிந்தது.

"மூணு தடவை சார். பின்னால பையன் உட்கார்ந்திருந்தான்."

அதற்குப் பிறகு அவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் நாற்பதாவது நாற்காலி காலியானது. கூடத்தில் வாடை இல்லை. மெத்தைகள் உப்பி இருந்தன. ஜூனியர் ஜன்னல்களைத் திறந்தாள். வெயில் உள்ளே வந்தது. மைத்துனன் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு, "சுத்தம் மாமா!" என்று கை காட்டினான்.

ஐந்து அடித்தது. வாத்தியார் வரவில்லை.

ஐந்தேகால். ஐந்தரை. வக்கீல் கூடத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். "இவ்வளவு பட்டதும் வீணாப்போச்சா? எவன் எவன் வந்து உட்கார்ந்தான்! வரவேண்டிய ஒரே ஆள் வரல!" போன் போட்டார். மணி படிக்கட்டிலேயே கேட்டது.

வாத்தியார் வாசலில் வந்து நின்றார். சட்டை கசங்கி, ஒரு பொத்தான் அறுந்து தொங்கியது. மூச்சு வாங்கியது.

"மன்னிக்கணும் வக்கீல் சார். நாலே முக்காலுக்கே கீழ வந்துட்டேன். ஏறி வர இவ்வளவு நேரமாச்சு." கூடத்தைப் பார்த்து வியந்தார். "இங்க இவ்வளவு இடமிருக்கே! ஏன் எல்லாரையும் படியில நிக்க வச்சிருக்கீங்க?"

ஜூனியரின் கையிலிருந்து நோட்டு நழுவியது.

"எல்லாரும்னா?" என்றார் வக்கீல்.

"படி முழுக்க. கீழ ரோட்டுல. பாலத்தைத் தாண்டியும் வரிசை போகுது, கடைசி எங்கன்னு தெரியல. இந்த ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேக்கறாங்களாம்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லி வந்திருக்காங்க."

"வாத்தியார் ஐயா, நீங்க உட்காருங்க. கையெழுத்து மட்டும்..."

வாத்தியார் தலையசைத்தார். கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி.

"இல்ல சார். என் பொண்ணு வரிசையில நிக்கறா. நடுப்படிக்குக் கொஞ்சம் கீழ. அவ முறை வரட்டும். நானும் கூடவே வந்து கையெழுத்துப் போடறேன்."

திரும்பி இறங்கிப் போனார்.

வக்கீல் பின்னாலேயே ஓடினார். படிக்கட்டு வெறிச்சோடிக் கிடந்தது. நடுப்படிக்குக் கீழே வாத்தியார் மட்டும் சுவரை ஒட்டி நின்றிருந்தார். பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் விட்டு நின்றிருந்தார்.

"ஐயா!" என்று கூப்பிட்டபடி வக்கீல் ஒரு படி இறங்கினார்.

இடப்பக்கம் ஈரத் தோள் ஒன்று ஒதுங்கியது. வலப்பக்கம் இன்னொன்று.

"வக்கீல் வர்றாரு, வழி விடுங்க" என்று காதருகே யாரோ மெல்லச் சொன்னார்கள். அதை அடுத்த படி வாங்கிச் சொன்னது. அதற்கடுத்த படி சொன்னது. வழி விடுங்க, வழி விடுங்க என்று அந்தக் கிசுகிசுப்பு படிப்படியாக இறங்கி, வாசலைத் தாண்டி, ரோட்டோடு, பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.